மைலின் ஸ்கேன் ரிப்போர்ட் சர்வீஸ்: தம்பிக்கும் எனக்கும் எடுத்துப் பார்த்த அனுபவம் (5க்கு 2)

இதை எழுதலாமா வேண்டாமான்னு ஒரு மாசமா யோசிச்சிட்டே இருந்தேன். இந்த சர்வீஸ் பத்தி தமிழ்ல யாராவது எழுதியிருக்காங்களான்னு அப்போ நான் தேடு தேடுன்னு தேடினேன், விளம்பரத்தைத் தவிர ஒண்ணும் வரல. வீட்ல ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) இருக்கிற ஒருத்தரை வச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோனை நோண்டிட்டு உக்காந்திருக்கிற அக்கா, அண்ணன், அம்மா, அப்பா யாருக்காவது உதவட்டும்னுதான் எழுதறேன். கம்பெனி பேரைச் சொல்லப்போறதில்ல. இதே மாதிரி ரிப்போர்ட் வேற ஆளுங்களும் கொடுக்கலாம், நான் சொல்ல வர்றது அந்த ரிப்போர்ட்டைப் பத்திதான்.

சர்வீஸ் என்னன்னா, அவங்க சொல்ற மெஷின்ல, அவங்க சொல்ற செட்டிங்ல ஒரு எம்ஆர்ஐ எடுக்கணும். சாதாரண எம்ஆர்ஐ இல்ல, டிடிஐன்னு சொல்ற வகை. மூளைக்குள்ள தண்ணி எந்தத் திசையில ஓடுது, எவ்வளவு சுலபமா ஓடுதுன்னு அளக்கிறது அது. அந்த ஃபைலை அவங்க சாஃப்ட்வேர்ல போட்டு, 14 பக்கத்துல கலர் கலரா ஒரு ரிப்போர்ட், ஒவ்வொரு நரம்புப் பாதைக்கும் ஒரு மார்க், மொத்தமா ஒரு "மைலின் ஸ்கோர்" (மைலின்னா நரம்பைச் சுத்தி இருக்கிற உறை, கீழ விவரமா சொல்றேன்), அப்புறம் ஃபோன்ல 20 நிமிஷம் ஒருத்தர் விளக்கம் சொல்வாங்க. இவ்ளோதான் பேக்கேஜ்.

என் தம்பிக்கு 19 வயசுல ஆரம்பிச்சுது, இப்போ 24. மாத்திரைல நல்லாவே தேறி வந்தான், பழைய மாதிரி பயந்து நடுங்கறது, யாரோ பின்னாடி வர்றாங்கன்னு ஜன்னலை அடைக்கிறது எல்லாம் போயிடுச்சு. காதுல கேக்கிற குரல் மட்டும் முழுசா போகல, குறைஞ்சிருக்கு, அவ்ளோதான். அஞ்சு வருஷமா அவன் என்கிட்ட கேக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், "அக்கா, எனக்கு ஏன் இப்படி?" அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, அம்மாகிட்ட பதில் இல்ல, டாக்டர்கூட "மரபணு, வளர்ந்த விதம், மூளை வளர்ச்சி எல்லாம் சேர்ந்து"ன்னுதான் சொல்வார். அது உண்மைதான்னாலும் கேக்கிறவனுக்குப் பிடிச்சுக்க ஒரு கொம்பு வேணும் இல்லையா. அந்த நேரத்துலதான் "மைலின் இழப்புதான் மனச்சிதைவுக்கு மூலக் காரணம், அதை இப்போ கண்ணால பாக்கலாம்"னு அந்த விளம்பரம் வந்துச்சு.

பணம் கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் உக்காந்து படிச்சேன். விளம்பரத்துல சொன்னது முழுப் பொய் இல்ல, கஷ்டமே அங்கதான் ஆரம்பிக்குது, முழுப் பொய்யா இருந்திருந்தா அன்னிக்கே மூடிட்டுப் போயிருப்பேன்.

மைலின்னா என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். மூளைல ஒரு செல்லுல இருந்து இன்னொரு செல்லுக்கு சிக்னல் கொண்டுபோற நீளமான வாலுக்கு ஆக்ஸான்னு பேர். அதைச் சுத்தி கொழுப்பு அதிகமா இருக்கிற ஒரு சவ்வு, பாயைச் சுருட்டின மாதிரி சுத்துமேல சுத்தா சுத்தியிருக்கும், அதுதான் மைலின். காய வச்சு எடை போட்டா கிட்டத்தட்ட முக்கால் பங்கு கொழுப்புதான். மூளைல இதைச் சுத்தி விடறது ஒலிகோடெண்ட்ரோசைட்னு ஒரு செல், ஒரே செல் நாப்பது ஐம்பது இடத்துலகூட சுத்தி விடும். எல்லாரும் இதை ஒயருக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் உறைன்னு சொல்வாங்க, பாதி சரி. உறைக்கு நடுநடுவுல சின்னச் சின்ன இடைவெளி இருக்கும், சிக்னல் அந்த இடைவெளிக்கு இடைவெளி தாவித் தாவிப் போகும். மைலின் இல்லாத மெல்லிசான நரம்புல ஒரு செகண்டுக்கு ஒரு மீட்டர் போற சிக்னல், நல்லா மைலின் சுத்தின தடிமனான நரம்புல கிட்டத்தட்ட 100 மீட்டர் போகும். அதனால மைலினுக்குப் பாதுகாப்பு வேலை மட்டும் இல்ல, எந்தச் செய்தி எப்போ போய்ச் சேரணும்ங்கிற நேரக்கணக்கே அதோட கையிலதான் இருக்கு.

இதுக்கும் ஸ்கிசோஃப்ரினியாவுக்கும் என்ன சம்பந்தம்னா, 2001ல ஒரு குழு, இறந்தவங்களோட மூளைல நெத்திக்குப் பின்னாடி இருக்கிற பகுதியை எடுத்து ஆயிரக்கணக்கான மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்த்தாங்க. ஸ்கிசோஃப்ரினியா இருந்தவங்ககிட்ட மைலின் சம்பந்தப்பட்ட மரபணுக்கள் வரிசையா மந்தமா இருந்துச்சு. 2003ல வேற ஒரு குழு பார்த்தப்பவும் அதேதான், ஆனா பைபோலார் (மனநிலை ஒரேயடியா ஏறி இறங்கற வியாதி) இருந்தவங்ககிட்டயும் அதே மாதிரி இருந்துச்சு (இதை விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க). மைக்ராஸ்கோப்ல எண்ணிப் பார்த்தவங்க ஒலிகோடெண்ட்ரோசைட் எண்ணிக்கையே சில இடத்துல குறைவா இருக்குன்னு எழுதியிருக்காங்க. அப்புறம் வயசு. குழந்தை பிறந்ததுல இருந்து மைலின் சுத்தற வேலை நடந்துக்கிட்டே இருக்கும், நெத்திப் பக்கத்து மூளைல அது முடியறதுக்கு இருபது முப்பது வயசு தாண்டிடும். இந்த வியாதி பெரும்பாலும் ஆரம்பிக்கிறதும் அந்த வயசுலதான். என் தம்பிக்கு 19. இதைப் படிச்சப்போ நான் லேப்டாப்பை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் அழுதேன். அஞ்சு வருஷத்துல முதல் தடவையா ஒரு விஷயம் கோர்வையா இருந்துச்சு.

இன்னொண்ணும் படிச்சேன், அது இன்னும் மனசுல நிக்குது. நம்ம அக்குள்ள நாமளே கிச்சுகிச்சு மூட்டிக்கிட்டா சிரிப்பு வராது, அடுத்தவங்க மூட்டினா வரும். ஏன்னா நம்ம கை என்ன செய்யப்போகுதுன்னு மூளையோட ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பிடும், "இது நம்ம ஆள்தான், கண்டுக்காதே"ன்னு. நாம மனசுக்குள்ள பேசிக்கும்போதும் இதே மாதிரி ஒரு தகவல் காது சம்பந்தப்பட்ட பகுதிக்குப் போகுதுன்னு ஒரு கருத்து இருக்கு. அந்தத் தகவல் போற பாதைல மைலின் சரியில்லாம கொஞ்சம் லேட்டா போய்ச் சேர்ந்தா? நம்ம எண்ணமே அடுத்தவன் குரலா கேக்கலாம் இல்லையா. 2011ல ஒரு சின்ன ஆய்வு பண்ணியிருக்காங்க. பட்டனை அழுத்தினா ஒரு சத்தம் வரும், தானே உண்டாக்கின சத்தத்துக்கு மூளை வழக்கமா கம்மியாத்தான் அசையும். ஸ்கிசோஃப்ரினியா இருக்கிறவங்களுக்கு அந்தக் குறைவு சரியா நடக்கல, ஆனா அழுத்தினதுக்கு 50 மில்லிசெகண்ட் கழிச்சு சத்தம் வர்ற மாதிரி வச்சதும் மத்தவங்க மாதிரியே ஆயிடுச்சு. ஒரு செகண்டுல இருபதுல ஒரு பங்கு. இதை நான் தம்பிகிட்ட சொன்னப்போ அவன் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ அது நான்தானா அக்கா?"ன்னு கேட்டான். கருதுகோள்தாண்டா, இன்னும் நிரூபிக்கலன்னு சொன்னேன். சரின்னான். ஆனா முகத்துல ஏதோ ஒண்ணு இறங்கின மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் ஸ்கேன் எடுக்கலாம்னு முடிவு பண்ணோம். அவனுக்கும் ஆசை, எனக்கும் ஆசை.

ஸ்கேன் நாள் அனுபவத்துக்கு முழு மார்க் கொடுப்பேன், அங்க இருந்தவங்க ரொம்ப நல்லவங்க. தம்பிக்கு அந்தக் குழாய்க்குள்ள போறதுக்கு பயம், தலைக்கு மேல கூண்டு மாதிரி ஒண்ணை மாட்டுவாங்க இல்ல, அதைப் பார்த்ததும் கதவுகிட்டயே நின்னுட்டான். நான் முதல்ல போய்ப் படுக்கிறேன், நீ கண்ணாடி வழியா பாருன்னு சொன்னேன், அந்த டெக்னீஷியன் அக்கா யோசிக்காம ஒத்துக்கிட்டாங்க, "ஆரோக்கியமான உறவினர் ஒப்பீடு"ன்னு பேக்கேஜ்லயே ஒரு ஆப்ஷன் இருக்காம், அதுல என்னைச் சேர்த்தாங்க. அப்படித்தான் எனக்கும் ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, அதைப் பத்தி அப்புறம் சொல்றேன், இந்த ரிவ்யூவே அதனாலதான்.

அவன் முறை வந்தப்போ கைல, ஏதாவதுன்னா அழுத்திக் கூப்பிடற அந்த ரப்பர் பல்பைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு உள்ள போனான். பாதில பல்பை அழுத்திட்டான், நிறுத்தி வெளிய எடுத்தாங்க. "அந்த டக்டக்டக் என் பேரைச் சொல்லுது அக்கா"ன்னான். டெக்னீஷியன் அவசரப்படுத்தல, தண்ணி கொடுத்தாங்க, காதுல பஞ்சை மாத்தி வச்சாங்க, என்னை உள்ள விட்டு அவன் கால் பாதத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொன்னாங்க. விட்ட இடத்துல இருந்து மறுபடி ஓட்டினாங்க. முடியற வரைக்கும் அவன் கட்டைவிரல் என் உள்ளங்கைல துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கால் துடிச்சா தலையும் கொஞ்சமாவது அசைஞ்சிருக்கும்னு அப்போ எனக்குத் தோணல. டிடிஐல தலை அசைஞ்சா அளவுகள் தப்பா வரும், இல்லாத வித்தியாசம் இருக்கிற மாதிரி காட்டும்னு பிற்பாடுதான் படிச்சேன். 14 பக்க ரிப்போர்ட்ல அசைவு பத்தி ஒரு வரி கிடையாது. அன்னிக்குப் பாதில நிறுத்தினதைப் பத்தியும் இல்ல.

பத்து நாள்ல ரிப்போர்ட் வந்துச்சு. பார்க்க அவ்வளவு அழகு. நரம்புப் பாதைகள் எல்லாம் சிவப்பு, பச்சை, நீலம்னு பட்டு நூல் கத்தையைப் பிரிச்சுப் போட்ட மாதிரி. தம்பி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா பார்த்தான். முதல்ல அவன் சொன்னது, "அப்போ நான் சும்மா சொல்லல, இல்ல?" வியாதி வந்த புதுசுல சொந்தக்காரங்க "வேலை செய்ய சோம்பேறித்தனம், நடிக்கிறான்"னு சொன்னது எல்லாம் அவன் மறக்கவே இல்லைன்னு அப்போதான் எனக்குத் தெரிஞ்சுது. அந்த ஒரு நிமிஷத்துக்காக மட்டும்தான் நான் அஞ்சுக்கு ரெண்டு கொடுக்கிறேன், இல்லன்னா ஒண்ணுதான்.

ரெண்டாவதா அவன் பார்த்தது ஆறாம் பக்கம். அங்க சிவப்பு எழுத்துல "மைலின் சிதைவு"ன்னு போட்டிருந்தாங்க. ஏற்கெனவே நம்ம தமிழ்ல இந்த வியாதிக்கே மனச்சிதைவுன்னுதான் பேர், அந்த வார்த்தையோட அஞ்சு வருஷம் வாழ்ந்தவன் அவன், இப்போ மூளைல இன்னொரு சிதைவு. "என் மூளை கரைஞ்சுக்கிட்டே போகுதா அக்கா?"ன்னு கேட்டான். அன்னிக்கு ராத்திரி அவன் தூங்கல, நானும் தூங்கல.

இந்த வார்த்தை எவ்வளவு தப்புன்னு இப்போ எனக்குத் தெரியும், அன்னிக்குத் தெரியல. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ்ல மைலினை உடம்போட எதிர்ப்பு சக்தியே தாக்கி அழிக்கும், திட்டுத் திட்டா போகும், அதுக்குத்தான் சிதைவு, அழிவுன்னு எல்லாம் சொல்லலாம். ஸ்கிசோஃப்ரினியால அப்படித் திட்டு எதுவும் கிடையாது. மைலின் சரியா உருவாகலையா, உருவாக்கற செல்லு கம்மியா, இல்ல நரம்பு செல்லுல கோளாறு இருந்து அதோட விளைவா மைலின் குறையுதான்னு இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க. மைலின் போனாலே குரல் கேக்கும்னா மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் வந்த எல்லாருக்கும் கேக்கணும், ரொம்பப் பெரும்பாலானவங்களுக்குக் கேக்கிறதில்ல. அதுக்கு மறுபக்கமும் இருக்கு. மெட்டாக்ரோமேட்டிக் லுகோடிஸ்ட்ரோஃபின்னு ஒரு அபூர்வமான பரம்பரை வியாதி, அதுல மைலின்தான் கெட்டுப்போகும், 10 வயசுல இருந்து 30 வயசுக்குள்ள அது ஆரம்பிச்சவங்கள்ல பாதிப் பேருக்கு மேல குரல் கேக்கிறது, சந்தேகம் மாதிரி அறிகுறிகள் இருந்ததா 1992ல ஒரு தொகுப்பு எழுதியிருக்காங்க. எந்தப் பாதைல, எந்த வயசுல கோளாறு வருதுங்கிறதைப் பொறுத்து இருக்கும் போல. மரபணு பக்கம் போனா இன்னும் சிக்கல், 2022ல வந்த பெரிய ஆய்வுல ஸ்கிசோஃப்ரினியாவோட சம்பந்தப்பட்ட 287 இடங்களைக் கண்டுபிடிச்சாங்க, அதெல்லாம் பெரும்பாலும் நரம்பு செல்கள்ல வேலை செய்யற மரபணுக்களைத்தான் காட்டுது, மைலின் சுத்தற செல்லை இல்ல. அப்போ "மூலக் காரணம்"னு எந்த தைரியத்துல விளம்பரம் போட்டாங்க?

சரி, என் ரிப்போர்ட்.

அவனோடதைப் பார்த்து ரெண்டு நாள் கழிச்சுதான் என்னோடதைத் திறந்தேன், அதுவரைக்கும் மனசே வரல. எனக்கு எந்த வியாதியும் கிடையாது, ஒரு நாளும் குரல் கேட்டதில்ல, மாத்திரை எதுவும் எடுக்கிறதில்ல. என் மைலின் ஸ்கோர் தம்பியோடதை விடக் குறைவு. முதல்ல பேர் மாறி அனுப்பிட்டாங்கன்னு நினைச்சு மெயில் போட்டேன், இல்லைங்க அது உங்களோடதுதான்னு பதில் வந்துச்சு. ஒரே மெஷின், ஒரே நாள், ஒரே செட்டிங். அவனாவது கால் துடிக்க துடிக்கப் படுத்திருந்தான், நான் அசையவே இல்ல.

இது எப்படின்னு புரிஞ்சுக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. 2018ல ஒரு பெரிய கூட்டு ஆய்வு வந்துச்சு, எனிக்மான்னு பேர், ஸ்கிசோஃப்ரினியா இருக்கிற 1,963 பேரையும் இல்லாத 2,359 பேரையும் இதே டிடிஐ முறைல ஒப்பிட்டாங்க. சராசரியா பார்த்தா வியாதி இருக்கிறவங்களுக்கு மூளை முழுக்கவே அந்த அளவு கொஞ்சம் குறைவுதான், ரெண்டு பக்க மூளையை இணைக்கிற பெரிய பாலம் மாதிரியான பாதைல இன்னும் தெளிவாத் தெரிஞ்சுது. சந்தேகமே இல்ல, உண்மையான வித்தியாசம். ஆனா எவ்வளவு பெரிய வித்தியாசம்? அவங்க கொடுத்த அளவு சுமார் 0.4. இதை சாதாரண பாஷைல கணக்குப் போட்டா, வியாதி இருக்கிற ஒருத்தர், இல்லாத ஒருத்தர்னு நூறு ஜோடி எடுத்தா, சுமார் 61 ஜோடில வியாதி இருக்கிறவருக்கு அளவு குறைவா இருக்கும், மீதி 39 ஜோடில இல்லாதவருக்குத்தான் குறைவா இருக்கும். ஒண்ணுமே சம்பந்தம் இல்லன்னா 50க்கு 50. நானும் தம்பியும் அந்த 39ல ஒரு ஜோடி, அவ்ளோதான் விஷயம். ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியற ஒரு சாய்வை எடுத்து, ஒரு பையனோட மூளைப் படத்து மேல சிவப்பு எழுத்துல எழுதி வச்சுட்டாங்க.

அதுவும் இல்லாம டிடிஐ அளக்கிறது மைலினையே இல்ல. தண்ணி ஓடற திசையைத்தான் அளக்குது. மைலின் குறைஞ்சா அந்த எண் குறையும், வாஸ்தவம், ஆனா நரம்புகள் ஒண்ணை ஒண்ணு குறுக்கே வெட்டிக்கிற இடத்துலயும் குறையும், நரம்பு மெல்லிசா இருந்தாலும் மாறும், தண்ணி கோத்திருந்தாலும் மாறும், தலை அசைஞ்சாலும் மாறும். மைலினுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கிற தண்ணியைத் தனியா பிரிச்சு அளக்கிற எம்ஆர்ஐ முறை வேற இருக்கு, அது ஆராய்ச்சிக்கூடங்கள்ல பண்றாங்க, இவங்க பண்ணது அது இல்ல. டிடிஐ எண்ணுக்கு "மைலின் ஸ்கோர்"னு பேர் வச்சதுதான் இந்த சர்வீஸோட மொத்தக் கோளாறுன்னு நான் நினைக்கிறேன். குரல் கேக்கிறதுக்கு சம்பந்தம் இருக்குன்னு சொல்ற பாதைலயே, அதாவது பேச்சுக்கான பகுதிகளை இணைக்கிற பாதைலயே, குரல் கேக்கிறவங்களுக்கு அளவு கூடுதலா இருந்துச்சுன்னு 2004ல ஒரு ஆய்வு, குறைவுன்னு வேற சில ஆய்வு. தம்பியோட ரிப்போர்ட்ல அந்தப் பாதை "நார்மல்"னு பச்சைல இருந்துச்சு. அப்போ குரல் எங்கிருந்து வருதுன்னு அவன் கேட்டான், நியாயமான கேள்வி.

ஃபோன் ஆலோசனை பத்தி எழுதும்போது எனக்குக் கோவம் வருது, முடிஞ்ச வரைக்கும் நடந்ததை மட்டும் சொல்றேன். பேசினவர் மரியாதையாத்தான் பேசினார், "தம்பிக்கு ஒண்ணும் ஆகாதும்மா, மைலினைத் திரும்ப வளர்த்துடலாம்"னார். அவங்களே விக்கிற கேப்சூல் ஒண்ணு இருக்காம், ஆறு மாசம் சாப்பிட்டுட்டு மறுபடி ஸ்கேன் எடுத்தா ஸ்கோர் ஏறியிருக்குமாம். மாத்திரையை நிறுத்துங்கன்னு அவர் வாயால சொல்லல, அதை நான் நேர்மையா சொல்லிடணும். ஆனா "மாத்திரை அறிகுறியைத்தான் அடக்கும், இது வேர்லயே வேலை செய்யும்"னு ஸ்பீக்கர்ல சொன்னார், தம்பி பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தான்.

கேப்சூல் வந்து நாலாவது நாள், அவன் ரூமைக் கூட்டும்போது மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். பழக்கதோஷம், அஞ்சு வருஷமா எண்ணறேன். மூணு குழி உடையாம இருந்துச்சு. மூணு ராத்திரி. அந்த உடையாத மூணு குழியை விரலால தடவிப் பார்த்துக்கிட்டு நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு. கேட்டதுக்கு, "வேர்ல வேலை செய்யறதைத்தான் சாப்பிடறேனே அக்கா"ன்னான், பொய் சொல்லணும்னுகூட அவனுக்குத் தோணல. அன்னிக்கே டாக்டரைப் பார்த்தோம், மறுபடி ஆரம்பிச்சுட்டான், கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகல. 2012ல 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, மாத்திரை தொடர்ந்தவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள வியாதி திரும்பினது 27 சதவீதம், மருந்தே இல்லாத வெறும் போலி மாத்திரைக்கு மாறினவங்கள்ல 64 சதவீதம். கேப்சூல் விக்கிறவங்க அந்த ரெண்டு எண்ணையும் டப்பா மேலயே போடணும்.

கேப்சூல்ல என்ன இருக்குன்னு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், மீன் எண்ணெய், பி12, லெசித்தின். பி12 குறைஞ்சா மைலின் பாதிக்கும்ங்கிறது உண்மை, மனநிலைகூட மாறலாம், அதனாலதான் முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்பவே தம்பிக்கு ரத்தத்துல பார்த்துட்டாங்க, நார்மல். குறையாதவனுக்கு மேல மேல கொடுத்தா மைலின் வளராது. மீன் எண்ணெய் பத்தி 2010ல வந்த ஆய்வு பெரிய நம்பிக்கை கொடுத்துச்சு, வியாதி வர்ற அபாயத்துல இருந்த 81 பேர்கிட்ட பண்ணது, நிறைய பேருக்கு வராம தடுத்த மாதிரி தெரிஞ்சுது. 2017ல 304 பேரை வச்சுப் பெருசா பண்ணிப் பார்த்தப்போ போலி மாத்திரையை விட மேல் எதுவும் இல்ல. கொழுப்பைத் தின்னா மைலின் ஊறும்ங்கிற கணக்கும் செல்லாது, மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செஞ்சுக்கும், நாம சாப்பிடற கொலஸ்ட்ரால், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கிற தடுப்பைத் தாண்டி உள்ள போறதில்ல. ஃபோன்ல பேசினவர் "மைலினை வளர்க்கிற மருந்து வந்துடுச்சு"ன்னு சொன்னதையும் தேடினேன். க்ளெமாஸ்டின், பழைய அலர்ஜி மாத்திரை. 2017ல மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் இருக்கிற 50 பேர்கிட்ட பார்த்ததுல, கண்ணுல இருந்து மூளைக்கு சிக்னல் போற தாமதம் 1.7 மில்லிசெகண்ட் குறைஞ்சுது. நல்ல ஆராய்ச்சி, எனக்கு மதிப்பு இருக்கு. ஆனா அது வேற வியாதி, தயவுசெஞ்சு யாரும் கடைல வாங்கிக் கொடுத்துடாதீங்க.

பதிமூணாம் பக்கத்துல ஒரு ஓரமா, பொடி எழுத்துல ரெண்டு வரி இருந்துச்சு, "தொடர் உடற்பயிற்சி உதவலாம்"னு. மொத்த ரிப்போர்ட்லயும் எங்களுக்கு ஆன ஒரே உருப்படி அதுதான், அதைப் போய் அங்க ஒளிச்சு வச்சிருக்காங்க. 2015ல வந்த ஒரு ஆய்வு, ஸ்கிசோஃப்ரினியா இருக்கிறவங்களும் இல்லாதவங்களும் ஆறு மாசம் சைக்கிள் மிதிச்சாங்க, ரெண்டு தரப்புக்கும் நரம்புப் பாதைல இந்த டிடிஐ எண் ஏறுச்சு. வளர்ந்த எலிகளைத் தனியா அடைச்சு வச்சா நெத்திப் பக்கத்து மூளைல மைலின் மெலிஞ்சுபோகுது, மறுபடி கூட்டத்தோட விட்டா தேறுதுன்னு 2012ல ஒரு ஆய்வு. எலி எலிதான், மனுஷன் மனுஷன்தான், இருந்தாலும் இதைப் படிச்சதுல இருந்து அவன் ரூம் கதவு மூடியிருந்தா நான் சும்மா போறதில்ல. தட்டிட்டு உள்ள போய் ஏதாவது பேசிட்டு உக்காந்திருக்கேன். சாயங்காலம் ரெண்டு பேரும் சைக்கிள் எடுத்துக்கிட்டுக் கிளம்பறோம். மைலின் வளருதோ இல்லையோ, ராத்திரி தூங்கறான்.

டாக்டர்கிட்ட ரெண்டு ரிப்போர்ட்டையும் கொண்டுபோய் வச்சேன். திட்டுவாரோன்னு பயந்தேன், திட்டல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு தம்பிகிட்டயே காட்டினார், "இதுல எது உன்னோடது சொல்லு பார்ப்போம்"னு பேரை மறைச்சுட்டுக் கேட்டார். அவன் மாத்திச் சொன்னான், என்னோடதைக் காட்டி "இதுதான் சார், மோசமா இருக்கு"ன்னான். டாக்டர் கையை எடுத்தார். பேரைப் பார்த்துட்டு தம்பி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே, அவ்வளவு நாள் கழிச்சு அவன் முகத்துல பயம் இல்லாம வெறும் ஆச்சரியம் மட்டும் இருந்துச்சு. மைலின் ஆராய்ச்சி பொய் இல்ல, ஒரு நாள் இதுல இருந்து மருந்து வரலாம், ஆனா இன்னிக்கு தேதிக்கு ஒருத்தரோட ஸ்கேனைப் பார்த்து இவருக்கு ஸ்கிசோஃப்ரினியா இருக்கா இல்லையான்னு சொல்ற டெஸ்ட் எதுவும் கிடையாதுன்னு டாக்டர் சொன்னார். முதல் தடவை அறிகுறி வரும்போது எம்ஆர்ஐ எடுக்கிறது வேற காரணத்துக்கு, கட்டி, வீக்கம், நான் மேல சொன்ன அந்த அபூர்வ வியாதி மாதிரி ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு பாக்க. அது ஏற்கெனவே எடுத்தாச்சுன்னா இதுக்குத் தனியா அலைய வேண்டாம்.

இந்த சர்வீஸ் யாருக்காவது ஆகுமான்னு கேட்டா, வீட்ல வியாதி இருக்கிறவங்களுக்கு நான் வேண்டாம்னுதான் சொல்வேன். ஆர்வம் இருக்கு, மைலின் ஆராய்ச்சிக்கு உதவணும்னு நினைக்கிறீங்கன்னா, நெறிமுறைக் குழு ஒப்புதலோட நடக்கிற ஆய்வுல தன்னார்வலரா சேருங்க, அங்க உங்க தம்பி மூளைக்கு மார்க் போட்டு பயமுறுத்த மாட்டாங்க. ஏற்கெனவே எடுத்துட்டீங்கன்னா ஸ்கோர் பக்கத்தைக் கிழிச்சுட்டுப் படத்தை மட்டும் வச்சுக்கோங்க. என் தம்பி அப்படித்தான் பண்ணியிருக்கான், அவனோடதையும் என்னோடதையும் ரெண்டையுமே மேஜைக்கு மேல ஒட்டி வச்சிருக்கான்.

கம்பெனிக்கு நீளமா ஒரு மெயில் எழுதினேன்: "சிதைவு"ங்கிற வார்த்தையை எடுங்க, தலை அசைவை ரிப்போர்ட்ல போடுங்க, அந்த 61க்கு 39 கணக்கை முதல் பக்கத்துல போடுங்க, கேப்சூல் விக்கிறவரை ஆலோசனைல உக்கார வைக்காதீங்கன்னு. "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஒரு வரி வந்துச்சு. ஸ்கேன் ஃபைலை அவங்க சர்வர்ல இருந்து அழிக்கச் சொல்லி மூணு மெயில் போட்டேன், மூணாவதுக்குத்தான் அழிச்சாச்சுன்னு பதில் வந்துச்சு. எடுத்தவங்க இருந்தா நீங்களும் கேளுங்க, சைன் பண்ற ஃபார்ம்ல ஒன்பதாவது பாயிண்ட்ல அதுக்கு வழி இருக்கு, யாரும் தானா சொல்ல மாட்டாங்க.